சொந்தம் இல்லை, ஆனால் நம்மவர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆஸ்பத்திரி, பேங்க், தாலுகா ஆபீஸ், மயானம் என்று சென்னையில் எந்தக் கவுண்டரில் போய் நின்றாலும் முதலில் வருகிற கேள்வி, "நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?" என்பதுதான். பக்கத்து வீட்டுப் பாட்டியை வருஷக்கணக்காகப் பார்த்துக்கொள்கிறவர்கள், சேர்ந்து வீடெடுத்துத் தங்கியிருக்கும் தோழிகள், ஜமாத் என்கிற தங்கள் கூட்டத்தில் தாயும் மகளுமாக வாழும் திருநங்கைகள், துணையை இழந்தபின் நண்பர்களை நம்பி இருக்கும் பெரியவர்கள் எனப் பலரும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் திரும்பி வந்து என்னிடம் கேட்டவை இவை.

நான் வக்கீல் இல்லை. குடியிருப்போர் சங்க வேலையில் இருப்பதால் இந்த மாதிரி நேரங்களில் கூடவே ஓடியிருக்கிறேன், அவ்வளவுதான். சொத்து, தத்து விஷயங்களில் கையெழுத்துப் போடுமுன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். வசதி இல்லாதவர்கள் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கேட்கலாம். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பே கிடையாது.

ரத்த சம்பந்தம் இல்லாதவங்களைக் குடும்பம்னு சொல்றதெல்லாம் சும்மா பேச்சுக்குத்தானே?

இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு நெஞ்சு வலித்தால் யாருக்குப் போன் போடுவீர்கள்? உங்கள் வீட்டு இன்னொரு சாவி யாரிடம் இருக்கிறது? காய்ச்சலில் கிடந்தால் ரசம் சாதம் கரைத்துக் கொண்டு வருவது யார்? இந்த மூன்றுக்கும் வருகிற பெயர்கள் உங்கள் குடும்பம். அதில் அண்ணன் பெயர் வந்தால் நல்லது. எதிர் வீட்டு அக்கா பெயர் வந்தாலும் அதே அளவு நல்லது.

சென்னை, வெளியூரிலிருந்து வந்தவர்கள் ஒருவரையொருவர் தாங்கி வளர்ந்த ஊர். திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஒரே அறையில் பாய் விரித்துப் படுத்தவர்கள், ஒருவன் தங்கை கல்யாணத்துக்கு இன்னொருவன் சம்பளத்தில் கடன் வாங்கியதெல்லாம் இங்கே சாதாரணம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கோட்டூர்புரத்திலும் முடிச்சூரிலும் போன் செத்துப்போய், வெளிநாட்டில் இருந்த பிள்ளைகள் தவித்துக்கொண்டிருந்த நேரத்தில், கீழ் வீட்டுப் பெரியவர்களைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறியவர்கள் சொந்தக்காரர்கள் அல்ல.

சட்டம் இதை ஒத்துக்குதா?

பாதி ஒத்துக்கொள்கிறது. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், குடும்பம் என்றால் அப்பா, அம்மா, பிள்ளைகள் மட்டும்தான் என்ற எண்ணம் சரியில்லை என்று சொன்னது. சண்டிகரில் வேலை பார்த்த ஒரு செவிலியர், கணவரின் முதல் திருமணத்துக் குழந்தைகளுக்காக விடுப்பு எடுத்திருந்தார். அதைக் காரணம் காட்டி, தன் வயிற்றில் பிறந்த குழந்தைக்கான பேறுகால விடுப்பை மறுத்துவிட்டார்கள். அந்த வழக்கில்தான் இப்படிச் சொன்னார்கள். 2025 மே மாதம் நம் சென்னை உயர் நீதிமன்றமும், குடும்பத்தை அமைக்கக் கல்யாணம் மட்டுமே வழி இல்லை, தாமே தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று சொல்லியிருக்கிறது.

ஆனால் வாரிசு சான்றிதழுக்கு மனுப் போட்டால் தாசில்தார் ஆபீஸ் இந்தத் தீர்ப்பைப் பார்ப்பதில்லை. அங்கே ரத்தம், கல்யாணம், தத்து இந்த மூன்றுதான். ஒவ்வொரு சட்டத்திலும் குடும்பம் என்பதற்கு ஒவ்வொரு பட்டியல் இருக்கிறது. அதனால்தான் நான் எல்லோரிடமும் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: ரத்த உறவுக்குச் சட்டம் தானாக வழி விடும், மற்ற உறவுக்கு நீங்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். பாசம் இருந்தால் காகிதமும் இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில கையெழுத்து நான் போடலாமா? "ரத்த சொந்தம் யாராவது வாங்க"ன்னு விரட்டறாங்களே.

எங்கள் பிளாக்கில் தனியாக இருந்த ஒரு அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. எதிர் வீட்டுப் பெண்தான் ஆட்டோவில் போட்டு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அட்மிஷன் படிவத்தில் 'நோயாளிக்கு என்ன உறவு' என்ற கட்டத்தில் 'எதிர் வீடு' என்று எழுதினார். கவுண்டரில் இருந்தவர் அதை அடித்துவிட்டு, ரிலேஷன் யாரையாவது வரச் சொல்லுங்கள் என்றார். ரிலேஷன் என்று இருந்த ஒரே அண்ணன் மகன் துபாயில். அந்த அம்மா போடும் சர்க்கரை மாத்திரையின் பெயர், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எந்தக் காது மந்தம் என்பதெல்லாம் அந்த எதிர் வீட்டுப் பெண்ணுக்குத்தான் தெரியும். வாக்குவாதம் நீண்டுகொண்டே போனபோது, ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த அம்மாவே கையை நீட்டிப் பேனாவை வாங்கி, "எனக்குத்தானே ஆபரேஷன், நான் போடறேன்" என்று கையெழுத்துப் போட்டார்.

சட்டப்படியும் அதுதான் சரி. வயது வந்தவர், நினைவோடு, தெளிவாக இருந்தால் சம்மதம் கொடுக்க வேண்டியது அவர்தான். மகள் மயக்கத்தில் இருந்தபோது அவளுடைய அம்மாவிடம் சம்மதம் வாங்கி நடந்த ஒரு அறுவை சிகிச்சையை, அந்தச் சம்மதம் செல்லாது என்று 2008இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பெற்ற தாய் கையெழுத்துக்கே அந்தக் கதி என்றால், ரத்த சொந்தம் வந்தால்தான் ஆச்சு என்பதில் என்ன நியாயம்? விபத்து, உயிருக்கு ஆபத்து என்று வந்தால் சட்டச் சம்பிரதாயங்களுக்காகவோ போலீஸுக்காகவோ காத்திருக்காமல் சிகிச்சை தொடங்க வேண்டும் என்பது 1989லிருந்தே உச்ச நீதிமன்றத்தின் கட்டளை.

கவுண்டரில் நின்று சட்டம் பேசினால் எல்லா இடத்திலும் எடுபடாது. அதனால் ஒரு கடிதம் தயாராக இருக்கட்டும். 'எனக்கு உடம்பு முடியாமல் போனால் டாக்டரிடம் பேசவும், என் சிகிச்சை விவரங்களைத் தெரிந்துகொள்ளவும், என்னோடு தங்கவும் இவரை நியமிக்கிறேன்' என்று எழுதி, இருவர் கையெழுத்து, இருவர் ஆதார் நகல், இரண்டு சாட்சி. வழக்கமாகப் போகும் டாக்டரின் ஃபைலில் ஒரு பிரதி. முதல் தடவை போகும்போதே அவரை டாக்டருக்கு அறிமுகப்படுத்துங்கள். பணம் கட்டுவதற்கும் பொறுப்பேற்று அவர் கையெழுத்துப் போடுகிறார் என்றால், எவ்வளவு வரை என்று முன்பே பேசிக்கொள்வது இருவருக்கும் மரியாதை.

நினைவே தப்பிட்டா?

இனி பிழைக்க வழியில்லை என்ற நிலையில் வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதை முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமையை 2018இல் உச்ச நீதிமன்றம் கொடுத்தது. 2023இல் அதன் நடைமுறையை எளிதாக்கினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரியிடம் சான்று வாங்கினால் போதும். உங்கள் சார்பில் முடிவெடுக்க வேண்டியவர்களின் பெயர்களை அதில் எழுதுவீர்கள்.

மனநலச் சிகிச்சைக்குச் சட்டம் இன்னும் இளக்கமாக இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் பிரதிநிதியாக, வயது வந்த, அதற்குச் சம்மதிக்கிற யாரையும் நியமிக்கலாம். வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும். அப்படி எதுவும் எழுதாவிட்டாலும், உறவினருக்கு அடுத்த இடத்தில் கூடவே இருந்து பார்த்துக்கொள்கிறவரை அந்தச் சட்டம் வைக்கிறது. பார்த்துக்கொள்கிறவர் என்று ஒருவர் இருக்கிறார் என்பதைச் சட்டம் கண்திறந்து பார்த்த இடம் இது.

என் ஃபிரெண்டுக்கு நான் கிட்னி கொடுக்க முடியுமா?

முடியும், ஆனால் நேரடியாக இல்லை. 1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தில் நெருங்கிய உறவினர் என்று ஒரு பட்டியல் உண்டு: கணவன் மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள். இதற்கு வெளியே இருப்பவர் பாசத்தால் கொடுக்கிறார் என்றால், அங்கீகாரக் குழு முன்னால் இருவரும் போய், பணம் கைமாறவில்லை என்று நிரூபிக்க வேண்டும். கேள்விகள் கடுமையாக இருக்கும். கிட்னி வியாபாரம் நடந்திருக்கிற ஊரில் அந்தக் கடுமை தேவைதான். பழைய போட்டோ, ஒரே முகவரி ஆவணங்கள், சேர்ந்து வாழ்ந்ததற்கான தடயங்கள் எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பேங்க்ல நாமினியா போட்டாச்சு, அப்ப பணம் அவருக்குத்தானே?

இந்த ஒரு தப்பான நம்பிக்கையால்தான் அதிகம் பேர் கண்ணீர் விடுகிறார்கள். நாமினி என்பவர் பணத்தை வாங்கி வைத்துக்கொள்ளும் பொறுப்பாளர். சொந்தக்காரர் அல்ல. பேங்க் அவர் கையில் கொடுத்துவிடும், ஆனால் சட்ட வாரிசுகள் வழக்குப் போட்டால் திருப்பித் தர வேண்டும். 2023 டிசம்பரில் ஷேர், மியூச்சுவல் ஃபண்ட் விஷயத்திலும் உச்ச நீதிமன்றம் இதையே சொன்னது. ஆகவே நாமினியாகப் போட்டவர் பெயரையே உயிலிலும் எழுதுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் பூட்டு.

நண்பரை நாமினியாகப் போடவும், நண்பரோடு ஜாயிண்ட் அக்கவுண்ட் திறக்கவும் எந்தத் தடையும் இல்லை. ஒருபாலினத் துணைகளுக்கும் தடை இல்லை என்பதை 2024 ஆகஸ்டில் நிதி அமைச்சகமே தெளிவுபடுத்தியது. 2025 நவம்பர் 1 முதல் ஒரு டெபாசிட்டுக்கு நான்கு நாமினி வரை போட்டு, யாருக்கு எத்தனை சதவீதம் என்றும் குறிக்கலாம்.

பி.எஃப்.?

பி.எஃப். கொஞ்சம் பிடிவாதமானது. குடும்பம் இருப்பவர் குடும்பத்தாரைத்தான் நியமிக்க வேண்டும். ஓர் ஆண் ஊழியருக்குக் குடும்பம் என்றால் மனைவி, பிள்ளைகள், அவரை நம்பியிருக்கும் பெற்றோர், இறந்துபோன மகனின் மனைவி மக்கள். கூடப்பிறந்த தம்பிகூட அந்தப் பட்டியலில் இல்லை. அப்படி யாருமே இல்லாதவர் யாரை வேண்டுமானாலும் நியமிக்கலாம். ஆனால் பின்னால் கல்யாணம் ஆனால் அந்த நியமனம் தானாகவே செல்லாமல் போகும்.

உயில் எழுதாம விட்டா என்ன ஆகிடும்?

குழந்தை இல்லாத ஓர் இந்து விதவை, முப்பது வருஷம் டீச்சராக வேலை பார்த்து மாதவரத்தில் ஒரு சின்ன ஃபிளாட் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டப்படி அந்த வீடு முதலில் போவது கணவனின் வாரிசுகளுக்கு. அவருடைய சொந்தத் தாய் தகப்பனே அதற்குப் பிறகுதான். கணவன் செத்த பிறகு ஒரு தீபாவளிக்குக்கூட எட்டிப் பார்க்காத கொழுந்தனின் பிள்ளைகள் சாவியோடு வந்து நிற்கலாம். கடைசி வருஷங்களில் அவரைக் குளிப்பாட்டிச் சோறூட்டிய மேல் வீட்டுப் பெண், அவர் பயன்படுத்திய தட்டு ஒன்றைக்கூட எடுத்துப்போக உரிமை இல்லாதவர் ஆகிவிடுவார். எந்த வாரிசும் இல்லையென்றால் சொத்து அரசாங்கத்துக்கு.

எனக்கு இந்தச் சட்டப்பிரிவின் மேல் தீராத கோபம் உண்டு. அது மாறுகிறவரை காத்திருக்க நமக்கு நேரமில்லை, உயிலை எழுதிவிடுவோம்.

உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் கட்டாயம். ஆனால் ரத்த உறவுக்கு வெளியே எழுதுகிறீர்கள் என்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள். 'புத்தி பேதலித்த கிழவியை ஏமாற்றி எழுதி வாங்கிவிட்டார்கள்' என்ற பழிதான் முதலில் வரும். உங்களைத் தெரிந்த டாக்டரே ஒரு சாட்சியாக இருந்தால் அந்தப் பழி நிற்காது. பலன் பெறுகிறவர் சாட்சி போட வேண்டாம். ஏன் இவருக்கு எழுதுகிறேன், ஏன் சொந்தக்காரர்களுக்கு எழுதவில்லை என்று உங்கள் பேச்சு நடையிலேயே இரண்டு வரி சேருங்கள். இஸ்லாமியர்கள் தங்கள் மார்க்கச் சட்டப்படி, வாரிசுகளின் சம்மதம் இல்லாமல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயிலில் எழுத முடியாது.

உயிரோட இருக்கும்போதே வீட்டை எழுதிக் கொடுத்துடலாமா?

அவசரப்படாதீர்கள். குடும்பத்தாருக்குள் செட்டில்மெண்ட் செய்தால் முத்திரைக் கட்டணத்தில் சலுகை உண்டு, மற்றவர்களுக்கு அது கிடையாது. வாங்குகிறவருக்கு வருமான வரியும் வரும்: உறவினர் அல்லாதவரிடமிருந்து வருஷத்தில் 50,000 ரூபாய்க்கு மேல் அன்பளிப்பு வந்தால் அது வருமானம். உயில் மூலம் வந்தால் வரி இல்லை.

அதைவிட முக்கியம் உங்கள் பாதுகாப்பு. 60 வயது தாண்டியவர் 'என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்ற நிபந்தனையோடு எழுதிக்கொடுத்து, வாங்கியவர் கைவிட்டால், 2007ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் சட்டப்படி அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம். வாங்கியவர் பிள்ளையாக இருந்தாலும் வெளியாளாக இருந்தாலும் இது பொருந்தும். நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள், வாய்வார்த்தையாக விடாதீர்கள்.

பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அப்பா அம்மா ரெண்டு பேருமே இல்லை. நாங்களே வளர்த்துடறோம், பத்திரம் எழுதினா போதுமா?

போதாது. நோட்டரி பத்திரத்தில் எழுதிக் குழந்தையைக் கொடுப்பதும் வாங்குவதும் சட்டப்படி தத்து ஆகாது, நல்ல மனசோடு செய்தாலும் வழக்கில் மாட்டிக்கொள்வீர்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்யுங்கள், அல்லது மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவிடம் போங்கள். குழந்தைக்கு உங்களைப் பிடித்திருக்கிறது, உங்கள் வீடுதான் பழக்கம் என்பதைச் சொல்லுங்கள். வளர்ப்புப் பராமரிப்பு, காப்பாளர் நியமனம், தத்து எனத் தனித்தனி வழிகள் இருக்கின்றன. இப்போது சிறார் நீதிச் சட்டத்தின் கீழ் தத்து ஆணையை மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். இந்துத் தத்துச் சட்டப்படி என்றால், தனி வழக்கம் இல்லாதவர்களுக்கு, குழந்தைக்கு 15 வயது நிறைந்திருக்கக் கூடாது. வயது வந்த ஒருவரைப் பிள்ளையாகத் தத்தெடுக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில். முடியாது, உயில்தான் வழி.

இந்த ஊரில் இது புதிதும் இல்லை. தேவதாசி முறையிலிருந்து தப்பி, போக இடமில்லாமல் வந்த பெண்களுக்குத் தன் வீட்டுக் கதவைத் திறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அதையே 1930இல் அவ்வை இல்லமாக வளர்த்தார்.

திருநங்கைகள் ஜமாத்ல அம்மா, மகள்னு சொல்றாங்களே, அது செல்லுமா?

பெற்றவர்கள் வெளியே தள்ளியபோது தன் வீட்டுக்குக் கூட்டிவந்து, சோறு போட்டு, சடங்கு செய்து, மகள் என்று ஊரறியச் சொன்னவர் தாய் இல்லையென்றால் வேறு யார் தாய்? பாட்டி, அம்மா, மகள், பேத்தி என்று தலைமுறை தலைமுறையாக அவர்கள் அந்த உறவைக் காப்பாற்றுகிறார்கள். மகள் இறந்தால் அம்மாதான் முன்னின்று எல்லாம் செய்கிறார். சில சமயம் அப்போதுதான் பெற்ற குடும்பம் நகையையும் வீட்டு அட்வான்ஸையும் கேட்டு வருகிறது.

இந்தியாவிலேயே முதலாவதாகத் திருநங்கையர் நல வாரியத்தை 2008இல் தமிழ்நாடு அமைத்தது. ஆனால் ஜமாத் உறவுக்கு வாரிசுச் சட்டத்தில் இடம் இன்னும் இல்லை. சேர்ந்து வாழ்கிறவர்கள் குடும்ப உறவு ஒப்பந்தம் ஒன்றைப் பதிவு செய்துகொள்ள வழிசெய்வதைப் பரிசீலிக்குமாறு 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அரசைக் கேட்டுக்கொண்டது. அது வர வேண்டும். வருகிறவரை உயிலும் நாமினியும் ஆஸ்பத்திரிக் கடிதமும்தான்.

எங்க வீட்ல வேலை செய்யற அக்காவும் எங்க குடும்பம்தான். அவங்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

உங்களிடம் மூன்று கேள்வி. அவருக்குத் தனி டம்ளர் இருக்கிறதா? வாரத்தில் ஒரு நாள் சம்பளத்தோடு லீவு உண்டா? அவர் வீட்டு விசேஷத்துக்கு நீங்கள் போய்க் கீழே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறீர்களா? இதற்கெல்லாம் நல்ல பதில் இருந்தால் பேசலாம். இல்லையென்றால் குடும்பம் என்ற சொல் சம்பள உயர்வு கேட்க விடாமல் அவர் வாயை அடைப்பதற்குத்தான் பயன்படுகிறது. முதலில் வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் அவரைப் பதிவு செய்ய உதவுங்கள், போனஸ் கொடுங்கள், வயதான காலத்துக்கு அவர் பெயரில் மாதாமாதம் ஒரு தொகை போடுங்கள்.

கொள்ளி யார் வைக்கணும்?

இறந்தவர் யாரை விரும்பினாரோ அவர். ரத்த உறவுதான் வைக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. பெண்கள் மயானத்துக்கு வருவதும் கொள்ளி வைப்பதும் சென்னையில் இப்போது அதிசயமில்லை. விருப்பத்தை முன்பே எழுதி வைத்திருந்தால் அன்றைக்கு வாசலில் சண்டை வராது. சொந்தக்காரர்களுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள், அவர்கள் வராவிட்டாலும் சொன்னோம் என்று இருக்கட்டும். வீட்டில் இறந்திருந்தால் டாக்டர் சான்றிதழ் வாங்கி, 21 நாளுக்குள் மாநகராட்சியில் இறப்பைப் பதிவு செய்துவிட வேண்டும்.

பக்கத்து வீட்டு மாமிக்கு எழுபத்தஞ்சு வயசு. இந்தப் பேச்சை எப்படி எடுக்கறது? சொத்துக்கு அலையறாங்கன்னு நினைச்சுட மாட்டாங்களா?

சொத்தில் ஆரம்பிக்காதீர்கள். உங்களுக்காக நீங்கள் எழுதி வைத்த ஆஸ்பத்திரிக் கடிதத்தை எடுத்துப்போய்க் காட்டுங்கள். "மாமி, எனக்கு ஒண்ணுன்னா யாரைக் கூப்பிடணும்னு எழுதி வெச்சுட்டேன். உங்களுக்கு ஒண்ணுன்னா நான் யாருக்குப் போன் பண்ணட்டும்?" என்று கேளுங்கள். இதற்குக் கோபப்பட்டவரை நான் பார்த்ததில்லை. பல பேர் யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் கேட்க வேண்டாம். உடம்பு நன்றாக இருக்கும் ஒரு நாளில், காபி நேரத்தில் கேளுங்கள்.

அவரே உயில் வரை பேச்சை இழுத்தால், வக்கீல் வரும் நாளில் நீங்கள் அந்த அறையில் இருக்காதீர்கள். மாமி தனியாகப் பேசட்டும். உங்கள் பெயர் வந்தால் பின்னால் யாரும் குறை சொல்ல முடியாது. ஊரில் இருக்கும் அண்ணன் மகனுக்கே அவர் எழுதினாலும் அது அவருடைய இஷ்டம். அந்த அண்ணன் மகனின் போன் நம்பரை மட்டும் அன்றைக்கே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.